பீடத்துக்கு முன் ஒரு ரப்பர் பாதம்

செப்டம்பர் 9

அனுப்புநர்: செயலாளர், சபைக் குழு (மாடி வீடு)
பெறுநர்: மாப்பிள்ளை அவர்கள் (கீழ் வீடு)
பொருள்: பீடத் தளத்தில் காலணி அணிதல் – தடை – விளக்கம் அளித்தல் – தொடர்பாக
பார்வை: ஞாயிறன்று சபை வாசலில், பலர் முன்னிலையில், தாங்கள் என்னைப் பார்த்துக் கூறிய சொல்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

பார்வையில் கண்ட சொல்லைத் திரும்ப எழுத என் பேனா கூசுகிறது. அது ஒரு விலங்கின் பெயர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் தங்கை, அதாவது தங்கள் மனைவி, நம் இருவருக்கும் நடுவே இனி வாய்மொழியாகச் செய்தி கொண்டுபோக மாட்டேன் என்று நேற்றுக் காலை அறிவித்துவிட்டாள். "எழுதிக் குடுங்க. படி இறங்கறதுக்குள்ள பாதி மறந்து போகுது, மீதியை நானே சேர்த்துச் சொல்றேன்" என்கிறாள். நான் "யோசிக்கலாம்" என்று சொல்லி அனுப்பியது தங்களிடம் "அவருக்கு யோசிக்கத் தெரியுமா" என்று வந்து சேர்ந்ததை இப்போதுதான் அறிந்தேன். ஆகவே எழுத்துமூலம்.

ஆகஸ்டில் பீடத்தின் முன் புதிய கம்பளம் விரிக்கப்பட்டது தாங்கள் அறிந்ததே. அதையொட்டிக் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கடவுள் பரிசுத்தர். பீடத்தின் முன்னுள்ள தடுப்புக் கிராதிக்கு அப்பால் உள்ள தளம் அவருக்கென்று பிரித்து வைக்கப்பட்டது. அங்கே எவரும் காலணியோடு ஏறக்கூடாது. எரிகிற செடியின் முன் மோசேயே செருப்பைக் கழற்றினார். நாம் மோசேயைவிடப் பெரியவர்கள் அல்லர்.

தங்கள் மகளின் திருமணம் அக்டோபர் 18, சனிக்கிழமை. தகப்பன் மகளைக் கிராதி தாண்டிப் பீடம் வரை அழைத்துச் சென்று கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். தங்கள் இடது கால் செயற்கைக் கால் என்பதும், அதற்கும் ஷூ அணிந்திருப்பதும் குழு அறியும். அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் இரண்டு ஷூவையும் கழற்றிவிட்டால் போதும். விதி எல்லோருக்கும் ஒன்று. இதில் அவமானம் ஏதுமில்லை.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்

பின்குறிப்பு: இரண்டு நாளாக மாடிக்கு வரும் சாப்பாட்டில் உப்பு இல்லை. இது தங்கள் உத்தரவா என்பதையும் தெரிவிக்கவும்.


செப்டம்பர் 10

மச்சான்,

உப்பு என் உத்தரவு இல்லை. அது உங்கள் தங்கை தனியாக எடுத்த தீர்மானம். ஒருமனதாக நிறைவேறியதாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பதினொரு வருஷத்துக்கு முன் தகடு உருட்டும் இயந்திரத்தில் என் கால் போனது. அதற்குப் பிறகு செயற்கைக் கால் செய்யும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அன்றிலிருந்து தினமும் ஆறேழு பேருடைய மீந்த காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்செடுக்கிறேன். உங்களுக்குக் கோப்பு எப்படியோ எனக்குக் கால் அப்படி. அந்தத் தகுதியில் சொல்கிறேன், கேளுங்கள்.

நாங்கள் காலைச் சும்மா மாட்டிவிடுவதில்லை. அந்த ஆள் போடுகிற ஷூவின் குதி எவ்வளவு உயரமோ அதற்குத் தக்கபடி கணுக்காலின் சாய்வை முடுக்கி வைப்போம். ஷூவைக் கழற்றினால் குதி இறங்கிவிடும், ஆள் பின்னால் போய்விடுவான். உள்ளே இருப்பது வழவழப்பான ரப்பர் பாதம். கம்பளத்தில் அது சறுக்கும். மகளின் கையைப் பிடித்தபடி நான் மல்லாந்தால் அவளும் விழுவாள், பின்னால் வருகிற தாய்மாமன் நீங்களும் விழுவீர்கள். அதற்கும் ஒரு தீர்மானம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்தக் கம்பளத்தை வாரம் நாலு நாள் சுத்தம் செய்கிற அக்கா கழிவறையைக் கழுவிவிட்டு நேராக அங்கேதான் ஏறுகிறார். அதே கால். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு அவர் கடைசி வரிசையிலிருந்து கிராதி வரைக்கும் வந்ததை ஒரு தடவையாவது பார்த்திருக்கிறீர்களா? துடைக்கப் போகலாம், கும்பிடப் போகக்கூடாது. நல்ல பரிசுத்தம்.

விலங்கின் பெயரைத் திரும்பப் பெறுகிறேன். அந்த விலங்கு பாவம், சுமக்கவாவது செய்யும்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 15

பொருள்: ரப்பர் பாதத்தின் தன்மை – குழுவின் முடிவு – தெரிவித்தல்
பார்வை: தங்கள் 10-ஆம் தேதியிட்ட கடிதம் (எடுத்து எழுதத் தகாத பகுதிகள் நீங்கலாக)

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

தங்கள் கடிதத்தை நேற்று ஆராதனைக்குப் பிறகு குழுவின் முன் வைத்தேன். ஒரு மணி இருபது நிமிடம் விவாதம் நடந்தது. ஷூவைக் கழற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் பாதம் காலா, காலணியா என்பதே கேள்வி. பாட்டுக் குழுத் தலைவர் அது கால்தான் என்றார். பொருளாளர், கழற்ற முடிகிற எதுவும் கால் ஆகாது என்றார். அப்படியென்றால் தங்கள் பல் செட்டு பல் ஆகாதா என்று பாட்டுக் குழுத் தலைவர் கேட்கப்போய், கூட்டம் பத்து நிமிடம் தடைப்பட்டது. போதகர் இளைஞர். தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

கம்பளம் கொடுத்த மூப்பர் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்: "ரப்பர்ல செஞ்சது எல்லாமே காலணிதான்." அதுவே தீர்மானமானது.

ஆகவே தங்களுக்கு இரண்டு வழிகள். முதலாவது, ஷூவோடு சேர்த்து இரு கால்களுக்கும் வெள்ளைத் துணிப்பை கட்டிக்கொள்ளுதல். பை தயார். என் பழைய தலையணை உறையிலிருந்து நானே தைத்து இத்துடன் அனுப்பியுள்ளேன். இரண்டாவது, தாங்கள் மகளைக் கிராதி வரை அழைத்து வந்து நிற்பது. அங்கிருந்து பீடம் வரை தாய்மாமன் என்ற முறையில் நான் அழைத்துச் செல்வேன். ஒன்பதே அடி. யாரும் கவனிக்க மாட்டார்கள்.

சுத்தம் செய்யும் பெண்மணி குறித்த தங்கள் கேள்வி இந்தக் கோப்புக்குத் தொடர்பற்றது.

செயலாளர்


செப்டம்பர் 16

மச்சான்,

உங்கள் தலையணை உறையைக் காலில் கட்டிக்கொண்டு சமையலறையில் மூன்று அடி நடந்தேன். நாலாவது அடியில் மாவு டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தேன். டப்பா இனி உதவாது. உங்கள் தங்கை வெள்ளையாக இருந்த என்னைப் பார்த்து, "இப்பப் போங்க, நீங்க பரிசுத்தமாத்தான் இருக்கீங்க" என்றாள். பை திரும்பி வருகிறது. உங்கள் தலைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழியை மகளிடம் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்பா கிராதி வரைக்கும், மாமா கிராதிக்கு அப்புறம்னா நான் என்ன பார்சலா, கை மாத்தி விடறதுக்கு? நீங்க வராத இடத்துக்கு நான் மட்டும் ஏறமாட்டேன்." அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாப்பிள்ளைப் பையனுக்கும் போன் செய்து சொல்லிவிட்டாள். அவன் பாவம், பதிவு அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். உங்களுடைய ஒன்பது அடிக் கம்பளத்தால் என் மகளுக்குக் கோயில் கல்யாணம் இல்லாமல் போகப் போகிறது. இதுதான் நிலைமை.

எனக்குச் சலுகை வேண்டாம், மச்சான். "பாவம், நொண்டி, அவனை மட்டும் விட்டுவிடலாம்" என்று ஒரு வரி எழுதிச் சேர்ப்பீர்கள் என்றால் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். மகளைப் பெற்றவன் எப்படிப் போவானோ அப்படிப் போக வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

ரப்பரால் செய்தது எல்லாம் காலணி என்று சொன்ன அந்த மூப்பர் யாரென்று பெயர் போடாமல் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாதா? அந்த இயந்திரம் அவருடையது. காலை எடுத்துக்கொண்டவர் கம்பளம் கொடுக்கிறார். வரிசையாகத்தான் நடக்கிறது.

மாப்பிள்ளை


செப்டம்பர் 23

பொருள்: பழைய சட்டத்தில் முன்னுதாரணம் – கண்டறியப்பட்டது – ஆறுதல் அளித்தல்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

ஒரு வாரமாக வேதத்தைப் புரட்டினேன். தங்களுக்கு ஆறுதல் தரும் பகுதி ஒன்று கிடைத்தது. அந்தக் காலத்து ஆசாரியர் குடும்பத்தில் யார் யார் பீடத்தருகே வரக்கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் முடவனும் உண்டு. ஆனால் பாருங்கள், அவனைத் துரத்தச் சொல்லவில்லை. பரிசுத்தமான அப்பத்தை அவனும் சாப்பிடலாம் என்று தெளிவாக இருக்கிறது. எவ்வளவு கருணை. பீடத்தருகே மட்டும் வரக்கூடாது, அவ்வளவே.

ஆகவே தங்களுக்கு நேர்ந்திருப்பது குழுவின் கொடுமை அல்ல, மூவாயிரம் வருடப் பழக்கம். இதைத் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் அடையாளத் தாள் வைத்து என் வேதத்தையே கொடுத்தனுப்பியுள்ளேன்.

உப்பு இன்னும் வரவில்லை.

செயலாளர்


செப்டம்பர் 24

மச்சான்,

படித்தேன். அடையாளத் தாள் வைத்ததற்கு நன்றி. நீங்கள் முடவன் வரைக்கும் படித்துவிட்டு மூடிவிட்டீர்கள். பட்டியல் அங்கே முடியவில்லை.

கண்ணில் பூ விழுந்தவன் வரக்கூடாதாம். போன வருஷம் உங்களுக்கு இரண்டு கண்ணிலும் அறுவை ஆனதே, அதற்கு முன் ஐந்து வருஷம் எந்தக் கண்ணோடு பீடத்தில் நின்று அறிக்கை வாசித்தீர்கள்? கூனன் கூடாதாம். பொருளாளர் நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. சொறி உள்ளவன் கூடாதாம். பாட்டுக் குழுத் தலைவர் இரண்டாம் பாட்டுக்குள் எத்தனை தடவை கழுத்தைச் சொறிகிறார் என்று மொத்தச் சபைக்கும் கணக்குத் தெரியும். கை ஒடிந்தவன். போதகர் ஜூன் மாதம் சைக்கிளிலிருந்து விழுந்தார். சப்பை மூக்கன் கூடாது என்று வேறு இருக்கிறது. உங்கள் மூப்பரின் மூக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பட்டியலைப் பிடித்தால், மச்சான், முழுக் குழுவும் வாசலுக்கு வெளியே. உள்ளே கம்பளம் மட்டும் பரிசுத்தமாகப் படுத்திருக்கும்.

சிரிக்க வைக்க எழுதவில்லை. அவர் பரிசுத்தர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருக்கு முன்னால் நீங்களும் நானும் சரிசமமாக வெளியே நிற்க வேண்டியவர்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று நினைக்கிறேன். நீங்கள் அதை எடுத்து, எனக்கும் உங்களுக்கும் நடுவே கிராதி போடப் பயன்படுத்துகிறீர்கள்.

அதே புத்தகத்தில் நாலு பக்கம் முன்னால் புரட்டிப் பார். பரிசுத்தமாக இருங்கள் என்று சொல்லிவிட்டு உடனே என்ன வருகிறது? செருப்பா? கம்பளமா? பொய் சொல்லாதே என்று வருகிறது. அடுத்தவனுடைய இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்காதே என்று வருகிறது. நீ சும்மாகூட நிற்கவில்லை. நீ எழுதினாய். இயந்திரத்தின் பல்சக்கரத்தை மூடியிருந்த தகட்டைத் தொழிலாளி தானே கழற்றினான், கவனக்குறைவு என்று விபத்து அறிக்கையில் எழுதியது, அதே ஆலையில் எழுத்தராக இருந்த உன் கை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அதன் பிரதியை எனக்குக் காட்டினார்கள். உன் எழுத்து எனக்குத் தெரியாதா? என் கல்யாணப் பத்திரிகையில் முகவரி எழுதியதும் நீதான்.

பதினொரு வருஷமாக உன் தங்கைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவளுக்கு இது தெரியாது. இப்போது தெரியும், இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் கொடுத்தனுப்புகிறேன்.

கோபத்தில் "நீ" என்று வந்துவிட்டது. அடித்துத் திருத்தப் போவதில்லை.

மாப்பிள்ளை


அக்டோபர் 1

மாப்பிள்ளை,

பொருள், பார்வை எதுவும் போடத் தோன்றவில்லை.

ஒரு வாரமாகத் தங்கை மாடிக்கு வரவில்லை. தட்டைப் படியில் வைத்துவிட்டு இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுகிறாள். இப்போது உப்பு சரியாக இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மதியம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் சொன்ன சாய்வை நானே சோதித்து ஒரு குறிப்புத் தயாரிப்பது என்று சாவியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுங்கால். கையில் அளவுகோல். அப்படியே கிராதியைத் தாண்டிக் கம்பளத்தில் நடந்தேன். மூன்றாவது அடியில் தடுமாறி, வாசிப்பு மேசையைப் பிடித்தேன். மேசை என்னைப் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம்.

விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முயன்றேன், முடியவில்லை. அடி ஒன்றும் பெரிதாக இல்லை. கோயில் காலியாக இருந்தது, ஆனால் காலியாக இல்லை. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முப்பத்திரண்டு வருடம் அலுவலகக் கடிதம் எழுதியவனுக்கு இதற்கான வாசகம் கிடையாது. மேலதிகாரி அறைக்குள் கூப்பிட்டு, ஒன்றும் பேசாமல் நம் பழைய கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி. கழுவிய பாதத்தோடு வந்திருந்தேன். என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டுச் சுத்தம் செய்யும் அக்கா ஓடி வந்தார். மேசையை நிமிர்த்தினார், என்னை நிமிர்த்தவில்லை. "இருங்க ஐயா, நிதானமா எந்திரிங்க. இது மண்டி போடற இடந்தான். நான் தினமும் மண்டி போட்டுத்தான் துடைக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகலை. உங்களுக்கு ஏன் இப்படி நடுங்குது?" என்றார். பதினாறு வருடமாக அவரை அங்கே பார்க்கிறேன். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

உண்மை இதுதான். எண்ணெய் விடும்போதெல்லாம் இயந்திரத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது, நேரம் வீணாகிறது என்று மூடித் தகட்டைக் கழற்றி மூலையில் சாய்த்து வைக்கச் சொன்னவர் முதலாளி. அவர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். விபத்துக்குப் பிறகு, "உங்க மாப்பிள்ளைதானே, நீங்களே எழுதிட்டா நல்லது, வெளியாள் கை பட வேணாம்" என்றார். நான் எழுதினேன். கை நடுங்கவில்லை. எழுத்து அழகாகவே வந்தது. அடுத்த மாதம் எனக்குத் தலைமை எழுத்தர் பதவி வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்துதான் கோயில் வேலைகளில் மும்முரமானேன். இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்கிறேன்.

மச்சான்


அக்டோபர் 2

மச்சான்,

படித்தேன். உங்கள் தங்கையும் படித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு எழுதியிருப்பதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். நான் அங்கே இருந்தேனே, இயந்திரத்துக்குள். தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

மாப்பிள்ளை


அக்டோபர் 14

மாப்பிள்ளை,

ஞாயிறு மாலை குழுக் கூட்டம். என்ன நடந்தது என்பது உங்களுக்குப் பல வாய்கள் வழியாக வந்திருக்கும். என் வாய் வழியாகவும் வரட்டும்.

முதலில் ஆசாரியர் பட்டியலைப் படித்தேன், இந்தத் தடவை முழுவதும். ஒவ்வொரு குறைக்கும் ஒவ்வொருவர் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். பொருளாளர், முதுகுத் தண்டு நழுவியது கூனில் சேருமா என்று கவலையோடு கேட்டார். பாட்டுக் குழுத் தலைவர் தன் கையின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். போதகர் முதல்முறையாகத் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் பட்டியல்ல இருக்கிற எல்லாரையும் கர்த்தர் தேடிப் போய்த் தொட்டார். அவர் தீட்டாகலை, அவங்கதான் சுத்தமானாங்க. நான் இதை ஆகஸ்ட்லயே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்" என்றார். சொன்ன பிறகு அவர் முகம் கழுவினாற்போல் இருந்தது.

அதற்குப் பிறகு விபத்து அறிக்கையின் திருத்தத்தைப் படித்தேன். நாலே வரி. முதலாளி கோபப்படவில்லை. ஆச்சரியப்பட்டார். "பழைய கதையை எதுக்குக் கிளறுறீங்க? நான்தான் கம்பளம் குடுத்தேனே" என்றார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும், எழுந்து போய்விட்டார். நேற்றுக் காலை ஒரு வண்டி வந்தது. நாலு பேர் கம்பளத்தைச் சுருட்டித் தூக்கிப் போனார்கள். கதவில் மாட்டி அரை மணி நேரம் வெளியே போகவில்லை. நான்தான் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

நான் இப்போது செயலாளர் இல்லை. அறிக்கைத் திருத்தத்தின் பிரதியைத் தொழிலாளர் துறைக்கும் அனுப்பிவிட்டேன். பொய் அறிக்கை எழுதியதற்காக என்னையே கூப்பிடலாம் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கூப்பிடட்டும்.

பீடத்தின் முன்னால் இப்போது பழைய சிமெண்டுத் தரை. நடுவில் விரிசல். பசை ஒட்டிய இடமெல்லாம் திட்டுத்திட்டாக இருக்கிறது. அக்கா சுரண்டிப் பார்த்தார், போகவில்லை. தீர்மானம் ரத்து. சனிக்கிழமை நீங்கள் ஷூவோடு வரலாம். எல்லோரையும் போல. சலுகை இல்லை.

மச்சான்


அக்டோபர் 16

மச்சான்,

கம்பளத்தைத் தூக்கிப் போன செய்தி கேட்டு நான் சிரித்தது மாடி வரைக்கும் கேட்டிருக்கும். அதற்காக வருத்தப்படவில்லை.

நேற்று வேலை முடிந்து கோயிலுக்குப் போனேன். ஷூவோடு கிராதியைத் தாண்டி அந்தத் தரையில் நின்றேன். யாரும் தடுக்கவில்லை. ஜெயித்தவன் மாதிரி இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அப்படி இருக்கவில்லை.

பதினொரு வருஷமாக உங்கள் பின்னந்தலையைப் பார்த்தபடி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஜெபித்திருக்கிறேன். என்ன ஜெபம் தெரியுமா? நீங்கள் எல்லோர் முன்னாலும் விழ வேண்டும் என்று. ஒரு தடவை மழையில் வாசல்படியில் சறுக்கினீர்கள், கடவுள் கேட்டுவிட்டார் என்று நினைத்துப் பாட்டைச் சத்தமாகப் பாடினேன். என் கேள்வி நியாயமானது, அதில் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன். ஆனால் அதைக் கேட்ட வாய் அவ்வளவு சுத்தம் இல்லை. உங்கள் பொய்யைப் பார்த்த அதே கண் என்னையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும். அந்த வெறும் தரையில் நின்றபோது இது தெரிந்தது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தெரிந்தது.

ஆகையால் ஒரு முடிவு. கம்பளத்துக்காக ஷூவின் ஒரு கயிற்றைக்கூட அவிழ்க்கமாட்டேன் என்றுதான் இருந்தேன். அது அப்படியே இருக்கட்டும். இப்போது கம்பளம் இல்லை. யாரும் என்னைக் கழற்றச் சொல்லவும் இல்லை. அவருக்காக நானே கழற்றலாம் போலிருக்கிறது. ஷூவை மட்டும் கழற்றினால் மல்லாந்துவிடுவேன் என்று தொழில் முறையில் ஏற்கெனவே விளக்கிவிட்டேன். எனவே காலையே கழற்றிக் கிராதி ஓரமாக வைத்துவிட்டு வருகிறேன். மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள், அப்புறம், "உங்களுக்கு எது செஞ்சாலும் பெருசாத்தான் செய்யணும்பா" என்றாள்.

ஒன்பது அடி. ஊன்றுகோல் வேண்டாம், அதைக் கூடத்தில் தினமும் பார்க்கிறேன். வலது கை மகளுக்கு. இடது பக்கம் எனக்கு ஒரு தோள் வேண்டும். உங்கள் உயரம் சரியாக வரும் என்று கணக்குப் போட்டேன்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வந்தால் தனியாக எழுதுகிறேன். இப்போதைக்குத் தோள் மட்டும்.

மாப்பிள்ளை


அக்டோபர் 24

மாப்பிள்ளை,

நீங்களும் தங்கையும் மகள் வீட்டுக்குப் போய் நாலு நாள் ஆகிறது. கீழே சத்தமே இல்லை. நானே சமைக்கிறேன். உப்பைப் பற்றி இனி வாய் திறக்கமாட்டேன்.

திருமணத்தன்று உங்களுக்குத் தெரியாமல் நடந்த சிலதைச் சொல்கிறேன். நீங்கள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கிராதி ஓரத்தில் ஷூவோடு நின்றிருந்த உங்கள் காலைப் பார்த்துப் புகைப்படக்காரர் பதறிப்போய், படத்தில் விழுகிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா, "இருக்கட்டும் தம்பி, அதுவும் பொண்ணு வீட்டு ஆளுதான்" என்றார். அவரை முன் வரிசைக்கு அழைத்து வந்தது தங்கை. அவர் வரமாட்டேன் என்று சொன்னதையும், தங்கை விட்ட பார்வையையும் பார்த்தேன். அந்தப் பார்வைக்கு யார்தான் எழுந்து வராமல் இருப்பார்கள்.

உங்களுக்குப் பின்னால் மாப்பிள்ளைப் பையன் குனிந்து ஷூவைக் கழற்றினான். பிறகு போதகர். பிறகு பொருளாளர், முதுகைப் பிடித்துக்கொண்டு. அவருடைய காலுறையில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. தீர்மானம் எதுவும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. செயலாளர் இல்லாமலே சபை நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

முதலாளி வரவில்லை. தொழிலாளர் துறையிலிருந்து அவருக்கும் எனக்கும் கடிதம் வந்திருக்கிறது. அடுத்த மாதம் ஆறாம் தேதி. உங்களையும் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். நான் உண்மையைச் சொல்லும்போது நீங்கள் அங்கே இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் சொல்வேன்.

கடைசியாக ஒன்று. செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு என் தோளைப் பிடித்தபோது உங்கள் முழு எடையும் என் மேல் வரும் என்று என் கால்களை அகட்டி வைத்துத் தயாராக நின்றேன். வரவில்லை. பாதிதான் வந்தது. மீதியை அந்த ஒற்றைக் காலிலேயே வைத்துக்கொண்டு, வேர்வை கொட்ட, ஒன்பது அடியும் குதித்துப் போனீர்கள். மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. தோளுக்குத் தெரிந்தது. என்னை நம்பி முழுவதும் சாய உங்களால் முடியவில்லை. நியாயம்தான். நான் கோபப்படவில்லை, அந்த உரிமை எனக்கு இல்லை.

நவம்பர் முதல் ஞாயிறு திருவிருந்து. மறுபடியும் அதே ஒன்பது அடி. மூன்றாவது வரிசையில், உங்களுக்கு இடது பக்கத்து இடத்தில் நான் உட்காருகிறேன். எவ்வளவு சாய்வது என்பது உங்கள் இஷ்டம்.

மச்சான்